கேமில் நிஜம் வேண்டுமா, மாயம் வேண்டுமா?

2024 ஜூன் 8, காலை

இந்த இணைய இழையில் பண்டாரவளைத் தம்பி ஒருவர் கேட்டது இது:

"அண்ணே, டிராகன், மந்திரவாதி, பறக்கிற வாள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. இருபது வயதைத் தாண்டியவன் நிஜம் மாதிரி இருக்கிற கேமைத்தான் விளையாட வேண்டும், நிஜத்தைச் சொல்கிற கதையைத்தான் படிக்க வேண்டும். ரெட் டெட் ரிடெம்ஷன் 2 முடித்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. தாடி வளர்கிறது, துப்பாக்கி அழுக்காகிறது, குளிரில் குதிரைக்கு எது எது சுருங்குமோ அது கூடச் சுருங்குகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இல்லை என்று சொல்ல ஆள் இருக்கிறதா?"

ஜூன் 8, இரவு

இருக்கிறது. நான்.

நிஜம் வேண்டுமென்றால் எனக்குக் கடைக் கதவைத் திறந்தால் போதும். இலங்கை மலையகத்துத் தேயிலை ஊரான ஹட்டனில் போன் திருத்துகிற கடை. மே மாதம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. இன்றைக்கு மட்டும் தண்ணீருக்குள் விழுந்த போன் ஏழு. ஏழு பேரும் "சும்மா ஈரக் கைதான் பட்டது" என்று சத்தியம் செய்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, டிவிக்குள் இருக்கிற இன்னொரு நனைந்த ஊரில் இன்னொரு கடன்காரனாக நடக்க எனக்கு என்ன தலையெழுத்து?

எனக்கு டிராகன்தான் வேண்டும். ஸ்கைரிம் என்ற கேம் 2011இல் வந்தது. எனக்குக் கிடைத்தது மூன்று வருடம் கழித்து. அதில் மலை உச்சியில் நின்று கத்தினால் எதிரே நிற்கிறவன் பறக்கிறான். நம்ம மலையில் நின்று கத்தினால் கங்காணி மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஜூன் 9

நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். ஆனாலும் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும்: நிஜம் என்று எதைச் சொல்கிறோம்?

அக்கா மகன் முழுநேரமும் பப்ஜி. "மாமா, அதுதான் ரியல் கேம், மற்றதெல்லாம் கார்ட்டூன்" என்பான். துப்பாக்கிகளின் பெயர் நிஜம், சத்தம் நிஜம், புல் நிஜம். அப்புறம் பார்த்தால் முதுகில் ஒரு தாச்சி தொங்குகிறது. அந்தத் தாச்சி துப்பாக்கிக் குண்டைத் தடுக்கிறது! எங்கள் வீட்டுத் தாச்சி இரண்டு முட்டைக்கு மேல் தாங்காது.

பொடியன்கள் நிஜம் என்று சொல்வது பாதி நேரம் துப்பாக்கியின் பெயரைத்தான்.

ஜூன் 12

தேயிலை இருக்கிற கேம் ஏதாவது உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து செய்த கேம், 2016. அமைதியான விவசாயம், மாடு, மீன், கல்யாணம். 2019இல் வந்த அப்டேட்டில் தேயிலைச் செடியையும் சேர்த்தார்கள். நட்டு 28 நாளில் செடி தயார். அதன் பிறகு, வெளியே நட்டிருந்தால் குளிர்காலம் தவிர, ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரமும் ஒரு நாளைக்கு ஒரு இலை தரும்.

ஒரு நாளைக்கு. ஒரு இலை.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்த ஆள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "ஒரு எலைய எடுத்துட்டுப் போனா மடுவத்துல என்னத்தடா நிறுக்கிறது?" என்றார். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அப்புறம் பத்து நிமிடம் தனியாகச் சிரித்தார். நியாயம்தானே. பதினெட்டு கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, அதிலும் தண்ணிக்கென்று கழிப்பார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்து வந்தால்தான் ஒரு கிலோ தூள்.

நட்ட செடி கொழுந்துக்கு வர இங்கே இரண்டு மூன்று வருடம் போகும். அதுவரை புல் வெட்டி, உரம் போட்டு, காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை அப்படியே கேமில் வைத்தால் யார் விளையாடுவார்கள்? நானே விளையாட மாட்டேன்.

ஜூன் 13

திருத்தம். 28 நாள் இல்லை, 20 நாள். 28 என்பது அந்தக் கேமில் ஒரு பருவத்தின் நீளம், குழப்பிக்கொண்டேன். சொல்லிக் காட்டிய பதுளைக்காரருக்கு நன்றி. அவர் இன்னொன்றும் சொன்னார்: அங்கே ஒரு இலை 50 காசுக்குப் போகிறது, நடாத கன்று 500க்குப் போகிறது. அப்படியானால் கொழுந்தே எடுக்கத் தேவையில்லை, நாற்றுமேடை போட்டு விற்றுக்கொண்டே இருக்கலாம். இந்தக் கணக்கைத் தோட்டத்துத் துரைமார் பார்க்காமல் இருக்க வேண்டும்.

ஜூன் 16

போன வருடம் கொழும்பில் நண்பன் வீட்டில் மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பார்த்தேன். 2020இல் வந்தது. முழு உலகமும் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கட்டியது, வானிலை கூட அந்த நேரத்து வானிலை. இதைவிட நிஜமாக ஒரு கேம் இருக்க முடியாது என்று அவன் வாதம். சரி, ஹட்டனுக்கு ஓட்டு என்றேன்.

வந்தோம். காசல்ரீ நீர்த்தேக்கம் இருந்தது. சிவனொளிபாதமலை கொஞ்சம் மொட்டையாக, ஆனாலும் இருந்தது. தாழப் பறந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தைத் தேடினேன். லயம் இருந்த இடத்தில் ஓடு போட்ட மாடி வீடுகள் வரிசையாக நின்றன. மேலேயிருந்து எடுத்த படத்தில் கூரையைப் பார்த்து, இது வீடாக இருக்கும் என்று ஒரு நிரல் தானாகவே கட்டிவிட்டிருக்கிறது. எங்கள் சனத்துக்குத் தலைக்கு ஒரு மாடி வீடு கொடுத்த முதல் ஆள் ஒரு கணினி நிரல்தான். வாக்குக் கூடக் கேட்கவில்லை.

மெல்போர்ன் பக்கத்தில் இதே கேமில் 212 மாடிக் கட்டடம் ஒன்று ஊசி மாதிரி வானத்துக்குப் போனது. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் யாரோ 2 மாடி என்பதை 212 என்று தட்டியதை அப்படியே நம்பிக் கட்டிவிட்டார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் அங்கே பறந்தார்கள். நிஜ உலகத்தை அச்சாக வார்க்கப் போனவர்களின் கேமில் எல்லோருக்கும் நினைவிருப்பது, இல்லாத கோபுரம்.

ஜூன் 22

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். 8ஆம் திகதி எழுதியதைப் பாதி திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு நல்ல மழை, கடை மூடியிருந்தேன். டெத் ஸ்ட்ராண்டிங் போட்டேன். 2019இல் வந்தது. கதையைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள்: செத்தவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் அலைகிறார்கள், மழை பட்ட இடமெல்லாம் முதுமை அடைகிறது, கதாநாயகன் நெஞ்சில் ஒரு போத்தலுக்குள் குழந்தை. மாயத்திலும் மாயம். ஆனால் அவன் வேலை என்ன? முதுகில் பெட்டி அடுக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது. அவ்வளவுதான். சரிவில் தடுமாறினால் கொன்ட்ரோலரின் இரண்டு பக்கப் பொத்தானையும் அழுத்தி வாரைப் பிடித்துச் சமாளிக்க வேண்டும். சப்பாத்து தேயும். ஆற்றில் இறங்கினால் இழுக்கும்.

அம்மா பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் கேமைப் பார்க்க மாட்டார், "அடிச்சுக்கிறானுங்க" என்று எழும்பிப் போய்விடுவார். அன்றைக்கு எழும்பவில்லை. நான் ஒரு சரிவில் நேராக இறங்கப் போனேன்.

"நேரா எறங்குறான் பாரு. குறுக்கால எறங்கச் சொல்லு."

சொன்னபடி வளைந்து இறங்கினேன். கொஞ்ச தூரம் நன்றாகப் போனான். அப்புறம் ஆட ஆரம்பித்தான்.

"ஒசரமா அடுக்கி வச்சா ஆட்டத்தான் செய்யும். கொஞ்சத்த எறக்கி இடுப்புல கட்டு."

அதற்கு அந்தக் கேமில் வழி இருக்கிறது. தோளிலும் இடுப்பிலும் சில பெட்டிகளை மாட்டினேன். ஆட்டம் குறைந்தது. அம்மா அடுத்தது சொல்வதற்குள் ஒரு கல்லில் கால் இடறி ஆள் குப்புற விழுந்தான், பெட்டியெல்லாம் சிதறி ஆற்றுப் பக்கம் உருண்டது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, கொழுந்து போச்சே" என்றார்.

கொழுந்து என்றார். பெட்டி என்று சொல்லவில்லை.

அம்மாவின் உச்சந்தலைக்குக் கொஞ்சம் முன்னால், கூடைக் கயிறு பதிகிற இடத்தில், விரல் அகலத்துக்கு முடி இல்லை. ஓய்வு எடுத்துப் பதினொரு வருடம், இன்னும் முளைக்கவில்லை. இப்போது நிறையத் தோட்டங்களில் கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது. அவர் காலம் கூடைக் காலம். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு விடுமுறை நாள், பத்து மணித் தேத்தண்ணியை மலைக்குக் கொண்டுபோனவன், வீரம் காட்டுகிறேன் என்று நிறைந்த கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். பத்து அடி போயிருப்பேன். கால் வழுக்கி, கூடையோடு கானுக்குள், வடிகாலுக்குள். கானில் முட்டளவு சேற்றுத் தண்ணீர். பொறுக்கி எடுத்ததில் பாதியை மடுவத்தில் கழித்துவிட்டார்கள். அன்றைக்கு அம்மாவுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. அடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. இடுப்பில் கட்டுகிற படங்கைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனார்.

எத்தனையோ "நிஜமான" கேம்களில் விழுந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பேய் மழைக் கேமில் விழுந்தபோது அந்தக் கான் ஞாபகம் வந்தது. தம்பி கேட்ட கேள்வியையே நான் தவறாகப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. உலகம் இருக்கிறதா இல்லையா என்பதில் எனக்கு அக்கறையே இல்லை. விழுந்தால் எனக்கு என்ன போகும் என்பதைச் சொல்லத் தெரிந்த கதைதான் என்னைப் பிடிக்கிறது.

ஜூன் 23

அம்மாவின் ஒரே குறை: "அந்த மழையில அவ்வளவு தூரம் புல்லுக்குள்ள நடக்கிறான், ஒரு அட்டை கூடக் கடிக்கல. பொய்."

ஜூன் 29

பண்டாரவளைத் தம்பி: "அப்படியானால் அண்ணன் நிஜத்தின் பக்கம் வந்துவிட்டீர்கள்."

வரவில்லை தம்பி. செல்டா, பிரெத் ஒஃப் த வைல்ட், 2017. முழுக்க மாயம், வாள், கோட்டை, பேசுகிற மரம். ஆனால் மழை பெய்தால் பாறை வழுக்கும். ஏறிக்கொண்டே இருப்பான், திடீரென்று இரண்டு அடி சறுக்கிக் கீழே வருவான், மூச்சுத் தீர்ந்தால் விழுவான். இடி மின்னலில் இரும்பு வாளை முதுகில் வைத்துக்கொண்டு நின்றால் மின்னல் அவன் மேல் இறங்கும். புல்லில் தீ வைத்தால் பரவும், அந்தச் சூட்டில் காற்று மேலே கிளம்பும், அதைப் பிடித்துப் பறக்கலாம். மழை பெய்தால் அதே தீ அணையும்.

பொய்தான், ஆனால் சொன்ன சொல் மாறாத பொய். மைன்கிராஃப்டில் மரத்தின் அடியை வெட்டினால் மேல் பாதி அந்தரத்தில் நிற்கும். மணல் விழும், மண் விழாது. இரண்டு நாளில் அதற்கும் பழகிவிடுகிறோம், ஏனென்றால் எப்போதும் அப்படியேதான் நடக்கிறது. எனக்கு ஆகாதது, விதியை நடுவில் மாற்றுகிற கதை. முதல் பாதியில் மந்திரம் தெரியாதவன் கடைசிக் காட்சியில் கையை நீட்டியதும் நெருப்பு வந்தால் சானலை மாற்றிவிடுவேன்.

இதை எழுதும்போதே இங்கே மூன்றாம் நாளாக மழை. எங்கள் படிக்கட்டில் பாசி. செல்டாவில் வழுக்குவதைத் திட்டுகிற ஆட்களுக்கு ஜூன் மாதம் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு.

ஜூலை 2

நிஜத்துக்கு எதிராக ஒரு புகார். கிங்டம் கம் டெலிவரன்ஸ், 2018. பொஹீமியா, 1403ஆம் ஆண்டு, மந்திரம் கிடையாது. நினைத்த நேரத்தில் சேவ் பண்ணவும் விடமாட்டார்கள். ஒன்று படுக்கை வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று ஒரு சாராயம் குடிக்க வேண்டும். சாராயத்துக்குக் காசு வேண்டும். மிச்சம் பிடிக்கிற புத்தியில் குடிக்காமல் இரண்டரை மணி நேரம் விளையாடினேன். கரண்ட் போனது.

இடைக்கால ஐரோப்பாவை அவ்வளவு ஆராய்ந்தவர்கள், மழைக்கால மலைநாட்டை ஒரு நாள் பார்த்திருக்கலாம்.

ஜூலை 7

கரண்ட் கோபத்தில் அந்தக் கேமில் நல்லது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதன் நாயகனுக்கு முதலில் எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் கலைந்து கிடக்கும். ஆளைத் தேடிப் போய்ப் படித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் சேரும். அதைப் பார்த்தபோது அப்பாவின் அம்மா, அப்பாயி ஞாபகம் வந்தார். அவர் பெட்டியில் ஒரு தகர டப்பா, டப்பா நிறையக் காகிதம். ஒன்றையும் அவருக்குப் படிக்கத் தெரியாது. எது எந்தக் காகிதம் என்று மடிப்பையும் கறையையும் வைத்துத் தெரியும்.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் சனத்துக்கு 1948இல் குடியுரிமை போனது. 1949இல் வந்த சட்டத்தில் மனுப் போடலாம் என்றார்கள், ஆனால் கல்யாணம் ஆனவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பிறந்ததையே பதியாத சனத்திடம் அத்தாட்சி. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம்: 9,75,000 பேர், 5,25,000 பேர் அங்கே, இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்பாயியின் தங்கச்சிக்கு அங்கே விழுந்தது, அப்பாயிக்கு இங்கே. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார் போன கோச்சியை, அந்த ரயிலை, ஒப்பாரிக் கோச்சி என்றுதான் அப்பாயி சொல்வார், வேறு பெயர் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, இது எங்கே கேமுக்கு வருகிறது? பேப்பர்ஸ் ப்ளீஸ். லூகஸ் போப் செய்தது, 2013. அர்ஸ்டோட்ஸ்கா என்று உலகத்திலேயே இல்லாத ஒரு நாடு. நீங்கள் எல்லைச் சாவடியில் ஒரு குமாஸ்தா. காகிதம் வரும், பார்க்க வேண்டும், பச்சை முத்திரை அல்லது சிவப்பு முத்திரை. தினமும் விதி கூடும். எத்தனை பேரை முடிக்கிறீர்களோ அதற்குத்தான் கூலி. அந்தக் கூலியில் வீட்டுக்குச் சாப்பாடும் சூடும். ஆரம்பத்திலேயே ஒரு புருசன் வருவான், காகிதம் சரி. பின்னாலேயே பெண்சாதி, அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. விட்டால் உங்களுக்கு எச்சரிக்கைத் துண்டு வரும்.

படம் கரடுமுரடு, முகமெல்லாம் கட்டம் கட்டமாக. தம்பியின் கணக்கில் இதில் நிஜமே இல்லை. நான் முதல் நாள் அவளுக்குச் சிவப்புக் குத்தினேன். கூலி போய்விடும் என்று பயம். குத்திய பிறகு விளையாட முடியவில்லை. அப்பாயி வரிசையில் அந்தப் பக்கம் நின்றவர், நான் மேசைக்கு இந்தப் பக்கம். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்து அவளை விட்டேன். துண்டு வந்தது. வரட்டும்.

இதையே எங்கள் நாட்டுப் பெயர், வருடம், ஒப்பந்தம் எல்லாம் போட்டு ஒருவர் கேமாகச் செய்தால் விளையாடுவேனா? தெரியவில்லை. கை நடுங்கும் என்று நினைக்கிறேன். இல்லாத நாடாக இருந்ததால்தான் அந்த மேசையில் உட்கார முடிந்தது.

ஜூலை 8

ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார்: இந்தச் சண்டை புதிதில்லை, அறுபதுகளில் இலங்கையின் முற்போக்கு விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் யதார்த்தம் என்று நின்றபோது எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை பிரிந்துபோய் நற்போக்கு என்றார், வாசித்துவிட்டு வாருங்கள் என்று. வாசிக்கிறேன் சேர். அதுவரை அப்பாவின் ரோதை முனியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பா தேயிலை ஃபக்டரியில் ராத்திரி வேலை. எந்த மெசினுக்கும் முன்னால் கற்பூரம் காட்டாமல் சுவிட்ச் போட மாட்டார்கள். ரோதைக்குள், அதாவது மெசின் சக்கரத்துக்குள், முனி இருக்கிறார், தூங்கி விழுந்தால் அறைவார், சாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் போனால் பிடித்து இழுப்பார். எனக்கு ஆறு வயது, முழுக்க நம்பினேன். பதினாறு வயதில் சிரித்தேன். இருபத்தாறில் ஒரு நாள் அந்த ரோதையின் பெல்ட் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாதுகாப்பு வலை எதுவும் இல்லை. நான் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 9

தம்பி கேட்கிறார்: "அப்போ முனி இருக்கிறாரா இல்லையா, ஒன்றைச் சொல்லுங்கள்."

ஃபக்டரிக்குள் இருக்கிறார். வெளியே தெரியாது.

2025 மார்ச் 17

எட்டு மாதம் கழித்து. தம்பி செல்டா முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார், மழையை மட்டும் மன்னிக்க மாட்டாராம். நான் எழுத வந்தது வேறு.

பக்கத்துத் தோட்டத்தில் இந்த மாசிக்குக் காமன் கூத்து, சிவன் மன்மதனை எரிக்கிற கதை. மதன் வேசம் கட்டினது திரீவீல் ஓட்டுகிற பொடியன். 13ஆம் திகதி பகல் கடைக்கு வந்து, டிஸ்ப்ளே வெடித்த போனைக் கொடுத்துவிட்டு, "ராத்திரி எரியப் போறேன் அண்ணே, பொறகு வந்து எடுத்துக்கிறேன்" என்றான்.

ராத்திரி பொட்டலுக்குப் போனோம். குளிர், புகை, தப்பு மேளச் சத்தம் நெஞ்சுக்குள் அடிக்கிறது. வீரபத்திரனை இடுப்பில் துண்டு கட்டி இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. சிவன் கண் திறந்து மதன் விழுந்ததும் ரதி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரி. ரதியும் ஆம்பிளைதான், மீசை வழித்த இடம் பச்சையாகத் தெரிகிறது. அம்மா அழுதார். அம்மா பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். மூன்றாம் நாள் எழுப்பப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், வருடா வருடம் பார்க்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து லாவணி பாடுவார்களாம். இந்த இழை முழுக்க நானும் தம்பியும் பாடியது அந்த லாவணிதான் போல.

இன்று காலை மதன் போன் எடுக்க வந்தான். நெற்றியில் இன்னும் அரிதாரம். 6,500 ரூபாய் என்றேன். கூத்துக்கு விரதம் இருந்ததில் பதினைந்து நாள் திரீவீல் ஓட்டவில்லை, சம்பளத்துக்குத் தருகிறேன் என்றான். நான் முகத்தைச் சுளித்தேன். மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"செத்துப் பொழைச்சு வந்திருக்கிற புள்ளகிட்ட காசு கேக்குறியாடா?"

போனைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.